மரத்தைக் கைது செய்ய முடியுமா?

விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு ரயிலில் போனால், சிவகாசிக்கு முன்னால் திருத்தங்கல் வரும். அங்கே இறங்கி எதிர்ப்படும் யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒரே மருந்து ஏன் ஒரு சமயம் டமாரென்று வெடிக்கிறது, இன்னொரு சமயம் புஸ்ஸென்று எரிந்து அடங்கிவிடுகிறது? வேதியியல் படிக்காதவர்கூட யோசிக்காமல் பதில் சொல்வார்: "எல்லாம் கட்டுலதான் இருக்கு."

இந்த வட்டாரத்தில் மருந்து என்றால் வெடிமருந்துதான். பழைய கருமருந்தில் 100 கிராமுக்கு 75 கிராம் வெடியுப்பு, 15 கிராம் கரி, 10 கிராம் கந்தகம். இதைச் சிறிதளவு திறந்த வெளியில் கொட்டிக் கொளுத்தினால் பொசுக்கென்று எரிந்து புகையாகிவிடும். அதே அளவைக் காகிதத்தில் இறுக்கிச் சுற்றினால் கதை வேறு. பிறக்கும் வாயுவுக்கு வெளியேற வழியில்லை. அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் மருந்து இன்னும் வேகமாக எரிகிறது. வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் காகிதம் கிழிந்து, அடைபட்ட வாயு ஒரே மூச்சில் வெளியே பாய்கிறது. புஸ்வாணத்தின் மண்கூட்டிலோ உச்சியில் ஒரு சிறு துளை இருக்கிறது. அழுத்தம் அந்தத் துளை வழியே வழிந்துவிடுவதால் வெடி இல்லை, பூச்சொரிதல் மட்டும். வீட்டில் செய்து பார்க்கிற விஷயமல்ல இது. திருத்தங்கல்காரர் சொல்வதை நம்பினால் போதும்.

பெரிதாக எதிர்பார்த்தது ஒன்றுமில்லாமல் போனால் "புஸ்வாணமாப் போச்சு" என்கிறோம். ஓர் அரசாங்கத்தின் மிரட்டலையும் அப்படிப் புஸ்வாணமாக்கலாம். ஒரு கல்கூட எறியாமல், யார் மீதும் கை நீட்டாமல், பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும்படி அதைச் செய்யலாம். தமிழர்கள் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று இன்றைய ஆய்வாளர்கள் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

1930 ஏப்ரல் 13. தமிழ்ப் புத்தாண்டு நாள். திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் உப்பு அள்ள வேதாரண்யத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். காந்தி தண்டியில் உப்பு எடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இவர்களுக்கு முன்னால் இருந்தது ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தூரம், ஒரு நாளைக்கு 16 கிலோமீட்டர் வீதம் 15 நாள் நடை. சித்திரை வெயில். கையில் ஆயுதம் கிடையாது, பையில் பெரிதாகக் காசும் கிடையாது. வழியில் ஊர் ஜனங்கள் போடும் சோறுதான் அவர்களுடைய எரிபொருள்.

தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் கெட்டிக்காரர். நூறு பேரை அடித்துக் கைது செய்தால் அவர்கள் வீரர்களாகிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே அவர்களைத் தொடவில்லை. சோற்றைத் தொட்டார். தொண்டர்களுக்கு உணவோ இடமோ தருபவர்களுக்கு ஆறு மாதம் வரை சிறை, அபராதமும் உண்டு என்று அறிவித்தார். நோட்டீஸ் அச்சடித்து, தண்டோராப் போட்டு, ஊர் ஊராகச் சொல்லியாயிற்று. பசித்தவர்கள் தானாகத் திரும்பிப் போவார்கள், சர்க்காரின் கையில் ரத்தக் கறையும் படியாது. நல்ல கணக்கு. இறுக்கமாகக் கட்டிய வெடி.

மறுநாளிலிருந்து சாலையோர மரங்கள் காய்க்கத் தொடங்கின. கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. தொண்டர்கள் நிழலுக்கு ஒதுங்கி நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேல் சாப்பாடு. ஆற்றங்கரையில் தங்கினால், எந்த இடத்தில் உணவைப் புதைத்து வைத்திருக்கிறோம் என்று யாரோ ஜாடை காட்டிவிட்டுப் போவார்கள். கட்டியவர் யார்? புதைத்தவர் யார்? எவரும் பார்க்கவில்லை. மரம்தான் கொடுத்தது.

தார்னின் நிலையை நினைத்துப் பாருங்கள். பத்து மீட்டருக்கு ஒரு மரம் என்று வைத்தால்கூட, சாலையின் இரு பக்கமும் சேர்த்து ஒரு கிலோமீட்டருக்கு 200 மரம். ஒரு நாள் நடைக்கு 3,200 மரம். மரத்துக்கு ஒரு காவலர் என்று நிறுத்தினால் மூவாயிரம் போலீஸ்காரர்கள் ராத்திரி முழுக்கச் சோற்றுப் பொட்டலத்துக்குக் காவல் நிற்க வேண்டும், ஊரே சிரிக்கும். கண்டும் காணாமல் விட்டால் கலெக்டரின் ஆணை காற்றில் போகும்; அப்போதும் ஊர் சிரிக்கும். மரத்தையா கைது செய்வது?

இந்த அமைப்புக்கு அகிம்சைப் போராட்டங்களை ஆராய்கிறவர்கள் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் அதை 'இருதலைக்கொள்ளிச் செயல்' என்று சொல்லலாம். இரண்டு முனையிலும் தீப்பற்றிய குச்சிக்குள் அகப்பட்ட எறும்பு எந்தப் பக்கம் போனாலும் சுடுவதுபோல, எதிராளி எதைச் செய்தாலும் அவருக்கு நஷ்டமாகும்படி வடிவமைக்கப்பட்ட போராட்டம். தடுத்தால் கேலிக்கு ஆளாவார், விட்டால் பலவீனமாகத் தெரிவார். இதில் நகைச்சுவைக்கு முக்கியமான வேலை உண்டு. தடுக்கும் பக்கத்தின் நெருப்பை அதுதான் மூட்டுகிறது. ஆயுதம் ஏந்தியவரைத் தடுத்தால் சர்க்காருக்கு அவமானம் இல்லை. சோற்று மூட்டையைத் தடுத்தால் அவமானம்.

ஏப்ரல் 28-ஆம் தேதி ஊர்வலம் வேதாரண்யம் சேர்ந்தது. பட்டினியால் திரும்பிப் போகும் என்று போட்ட கணக்கு பலிக்கவில்லை. 30-ஆம் தேதி ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். அவரைத் தொடர்ந்து பலர் அள்ளிச் சிறை போனார்கள். விருதுநகரிலிருந்து போய், அந்தப் போராட்டத்துக்காக முதன்முறையாகச் சிறை கண்ட 26 வயது இளைஞர் ஒருவரும் அவர்களில் உண்டு. பெயர் காமராஜ்.

வேதாரண்யத்தில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. வைரப்பன் என்ற சவரத் தொழிலாளி, சர்க்கார் ஆட்களுக்குச் சவரம் செய்வதில்லை என்று உறுதி எடுத்திருந்தார். ஒருநாள் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வைரப்பன் நுரை போட்டு ஒரு பக்கம் மழித்து முடித்தார். அப்போதுதான் வந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியை மடக்கி வைத்துவிட்டார். பாதி முகம் பளபளவென்று, பாதி முகம் முள்ளாக ஒரு போலீஸ்காரர் தெருவில் நடந்து போகும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். மீதிச் சவரத்தைச் செய்து முடிக்கும்படி வற்புறுத்தப்பட்டபோது, அதைவிடச் சிறைக்குப் போகிறேன் என்றார் வைரப்பன். போனார்.

இந்தச் செயலின் நுட்பத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வைரப்பனின் கையில் கூர்மையான கத்தி இருந்தது. எதிராளியின் கழுத்து அதன் கீழே இருந்தது. அவர் அதைப் பயன்படுத்திய விதம், பயன்படுத்தாமல் விட்டது. அன்றைய சாதி அடுக்கில் சவரத் தொழிலாளி ஊரே ஏவும் இடத்தில் வைக்கப்பட்டிருந்தவர். கூப்பிட்ட குரலுக்குப் போக வேண்டியவர். அப்படிப்பட்டவர் வேலையைப் பாதியில் நிறுத்தியதும் ஓர் உண்மை வெளியே வந்தது: சாம்ராஜ்யத்தின் கௌரவமான முகத்தைத் தினந்தோறும் தயாரித்துக் கொடுத்தது வைரப்பனைப் போன்றவர்களின் கைதான். சமைப்பவர், துவைப்பவர், வண்டி ஓட்டுபவர், கணக்கு எழுதுபவர் என்று ஆயிரம் பேரின் சம்மதத்தில் அதிகாரம் நிற்கிறது. மற்றவர்கள் இதைப் பக்கம் பக்கமாக எழுதி விளக்கியிருக்கிறார்கள். வைரப்பனுக்குப் பாதி முகம் போதுமானதாக இருந்தது.

சரி, கேலியைக் கண்டு ஜனங்களுக்கு எப்படித் துணிச்சல் வருகிறது? இதற்கு மறுபடியும் பட்டாசிடம் போக வேண்டும். இந்த முறை சரவெடியிடம்.

சரவெடியில் ஒவ்வொரு வெடிக்கும் தனித்தனியாகத் தீ வைப்பதில்லை. ஒன்றின் திரி அடுத்ததைப் பற்ற வைக்கிறது. நடுவில் ஓர் இடத்தில் திரி விட்டுப்போனால் ஆயிரம் வெடிச் சரமும் அங்கேயே நின்றுவிடும். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1978-ல் மனிதக் கூட்டத்தையும் இப்படித்தான் விளக்கினார். ஒரு காரியத்தில் இறங்க ஒவ்வொருவருக்கும் ஒரு 'துணிவு எல்லை' இருக்கிறது என்றார். தனக்கு முன்னால் எத்தனை பேர் இறங்கியிருந்தால் தானும் இறங்குவோம் என்ற எண்ணிக்கைதான் அது. சிலருக்கு அது பூஜ்யம். யாரும் வராவிட்டாலும் இறங்குவார்கள். சிலருக்கு ஐந்து, சிலருக்கு ஐம்பது.

ஒரு மைதானத்தில் 100 பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவரின் எல்லை 0, இரண்டாமவருக்கு 1, மூன்றாமவருக்கு 2, இப்படியே நூறாமவருக்கு 99. முதல் ஆள் எழுந்தால் இரண்டாமவர் எழுவார், அதைப் பார்த்து மூன்றாமவர். கடைசியில் நூறு பேரும் எழுந்து நிற்பார்கள். இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்வோம். இரண்டாமவரின் எல்லை 1-க்குப் பதில் 2. முதல் ஆள் எழுகிறார். இரண்டு பேர் எழுந்தால்தான் எழுவேன் என்று இரண்டாமவர் உட்கார்ந்திருக்கிறார். மூன்றாமவருக்கும் இரண்டு பேர் வேண்டும். சரம் அறுந்தது. 99 பேர் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு கூட்டங்களுக்கும் வித்தியாசம் ஓர் ஆளின் மனத்தில் ஒரு சின்ன எண். வெளியிலிருந்து பார்ப்பவர் முதல் ஊரைப் புரட்சிகர ஊர் என்பார், இரண்டாவதைக் கோழைகளின் ஊர் என்பார். உண்மையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஊர்.

வேடிக்கை இந்த எல்லைகளைக் கீழே இறக்குகிறது. போலீஸ் தடியின் முன்னால் நெஞ்சைக் காட்ட ஆயிரத்தில் ஒருவர் வருவார். இருட்டில் ஒரு மரக்கிளையில் சோற்றுப் பொட்டலம் கட்ட யார் வரமாட்டார்? பாட்டி வருவார், பள்ளிக்கூடப் பையன் வருவான், சர்க்கார் சம்பளம் வாங்கும் வாத்தியார்கூட வரலாம். அறுந்துபோகும் திரிகளை இது ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுவிடுகிறது.

இதற்கு எண் ஆதாரமும் இருக்கிறது. எரிகா செனோவெத், மரியா ஸ்டீஃபன் என்ற இரு ஆய்வாளர்கள் 1900-லிருந்து 2006 வரை உலகெங்கும் நடந்த 323 பெரும் போராட்டங்களைப் பட்டியலிட்டுக் கணக்கிட்டார்கள். ஆயுதப் போராட்டங்களில் நூற்றுக்கு 26 வென்றிருந்தன. ஆயுதமில்லாதவற்றில் நூற்றுக்கு 53. இரண்டு மடங்கு! காரணம் ஆள்பலம். ஆயுதப் போராட்டத்தில் சராசரியாக 50 ஆயிரம் பேர் கலந்துகொண்டார்கள். அகிம்சைப் போராட்டத்தில் 2 லட்சம் பேர். துப்பாக்கி தூக்க இளமை வேண்டும், பயிற்சி வேண்டும், கொல்லும் மனம் வேண்டும். பொட்டலம் கட்டக் கொஞ்சம் சணல் போதும்.

ஒரு நாட்டின் ஜனத்தொகையில் 3.5 சதவீதம் பேர் நேரடியாக இறங்கிவிட்டால் அந்தப் போராட்டம் தோற்பது மிக அரிது என்றும் செனோவெத் கண்டார். விதிவிலக்குகள் உண்டு, அவரே பின்னால் அவற்றைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். ஆனாலும் அந்த எண் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்போது திருத்தங்கலில் சுமார் 55 ஆயிரம் பேர் இருந்தார்கள். அதில் 3.5 சதவீதம் என்றால் ஏறக்குறைய 1,900 பேர். முப்பத்திரண்டு டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடலாம்.

இனி நம் உடம்புக்குள் நடப்பது. சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் புரொவைன், தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட மற்றவர்களுடன் இருக்கும்போது நாம் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்று கண்டறிந்தார். யோசித்துப் பார்த்தால் சரிதான். தனியாக உட்கார்ந்து சிரிப்பவரை நாம் ஒரு மாதிரியாகப் பார்க்கிறோம். சிரிப்பு என்பது முதலில் ஒரு தகவல் தொடர்பு; பேச்சு தோன்றுவதற்கு முன்பே இருந்த ஒன்று.

இங்கிலாந்தின் ராபின் டன்பார் இன்னும் ஒரு படி போனார். சிலருக்குச் சிரிப்புப் படமும் சிலருக்குச் சாதாரணப் படமும் போட்டுக் காட்டினார். படத்துக்கு முன்னும் பின்னும் உறைகுளிர் உறையைக் கையில் மாட்டியோ, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இறுக்கியோ, எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று அளந்தார். வாய்விட்டுச் சிரித்தவர்களால் வலியைக் கூடுதலாகத் தாங்க முடிந்தது. மூளை தானே சுரக்கும் எண்டார்ஃபின் என்ற வலிநிவாரணி இதற்குக் காரணம் என்பது அவருடைய விளக்கம். கூடிச் சிரிக்கும் கூட்டத்துக்கு அடியைத் தாங்கும் தெம்பு கொஞ்சம் கூடுகிறது! தடியடிக்கு முன்னால் போட்டுக்கொள்ள இப்படி ஒரு தைலத்தை இயற்கை நமக்குள்ளேயே வைத்திருக்கிறது.

சிரிப்புக்கு மூன்றாவது வேலை ஒன்றும் உண்டு, நுட்பமானது. சர்க்காரின் மீது ஊரில் எல்லோருக்கும் கோபம் இருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இருக்கிறதா என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் சும்மா இருப்பதால், தனக்கு மட்டும்தான் இந்தக் கோபம் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். வெடியைச் சுற்றிய காகிதம் இதுதான். பயத்தைக் கட்டிக் காப்பது தடியைவிட இந்தத் தனிமைதான். இப்போது தெருவில் பாதிச் சவரத்தோடு போலீஸ்காரர் நடக்கிறார். யாரோ ஒருவர் களுக்கென்று சிரிக்கிறார். இன்னொருவராலும் அடக்க முடியவில்லை. அடுத்த கணம், உனக்கும் அப்படித்தானா என்று நூறு பேர் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். எனக்குத் தெரியும், அது உனக்குத் தெரியும், உனக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். இதைக் 'கூட்டறிவு' என்று சொல்வோம். நூறு துண்டுப் பிரசுரங்கள் செய்ய முடியாததை அடக்க முடியாமல் வந்த ஒரு சிரிப்பு செய்துவிடுகிறது. காகிதத்தில் துளை விழுந்தாயிற்று.

வேதாரண்யத்தின் பெயரைக்கூடக் கேட்டிராத ஊர்களிலும் இதே பொறிமுறை தானாக முளைத்திருப்பது எனக்குத் தீராத வியப்பு. 1982 பிப்ரவரி, போலந்தில் ராணுவச் சட்டம். ஸ்விட்னிக் என்ற சிறு நகரத்து ஜனங்களுக்கு, தினமும் இரவு ஏழரை மணிக்கு அரசுத் தொலைக்காட்சி சொல்லும் பொய்ச் செய்தி சலித்துவிட்டது. சரியாக ஏழரைக்கு வீட்டை விட்டு இறங்கி, தெருவில் உலாவத் தொடங்கினார்கள். சிலர் டிவிப் பெட்டியைக் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். செய்தியைப் பார்க்கவில்லை என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா? உலாவுவது எந்தச் சட்டப்படி குற்றம்? அதிகாரிகள் யோசித்து, இரவு பத்து மணி ஊரடங்கை ஏழு மணிக்கு இழுத்தார்கள். ஜனங்கள் ஐந்து மணிச் செய்திக்கு உலாவப் போனார்கள்.

மிலோசெவிச் ஆண்ட செர்பியாவில் ஓட்போர் என்ற மாணவர் இயக்கம் கடைத்தெருவில் ஒரு பீப்பாயை வைத்தது. பீப்பாய் மேல் அதிபரின் முகம். பக்கத்தில் ஒரு கட்டை. காசு போட்டுவிட்டு ஓங்கி ஓர் அடி அடிக்கலாம். மாணவர்கள் வைத்துவிட்டு நழுவிவிட்டார்கள். வரிசை கட்டி அடித்தது பொதுஜனம். போலீஸ் வந்து பார்த்தால் குற்றவாளி யாரும் இல்லை. கடைசியில் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பீப்பாய் கைதான படம் எல்லோர் கண்ணிலும் பட்டது. 2012-ல் சைபீரியாவின் பர்னாவுல் நகரில் ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டபோது, பொம்மைகளின் கையில் சின்னச் சின்னப் பதாகைகளைக் கொடுத்துப் பனியில் நிறுத்தி வைத்தார்கள். அடுத்த முறை பொம்மைகளுக்கு அனுமதி கேட்டபோது, பொம்மைகள் ரஷ்யக் குடிமக்கள் அல்ல என்று பதில் வந்தது. மரம், பீப்பாய், பொம்மை. எல்லாமே கையில் விலங்கு மாட்ட முடியாத குற்றவாளிகள்.

சென்னையில் 2007-ல் இந்த வரிசையில் ஒரு காகிதம் சேர்ந்தது. பூஜ்யம் ரூபாய் நோட்டு. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இந்திய இயற்பியல் பேராசிரியர் ஒருவரின் மனத்தில் தோன்றிய யோசனை அது. விஜய் ஆனந்தின் 'ஐந்தாவது தூண்' அமைப்பு அதை எடுத்து அச்சடித்தது. காந்தி படத்தோடு, பார்த்தால் 50 ரூபாய் நோட்டுபோல இருக்கும், மதிப்பு பூஜ்யம். லஞ்சம் வாங்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன் என்ற உறுதிமொழி அதில் உண்டு. 25 ஆயிரத்தில் தொடங்கி, பிறகு பல மொழிகளில் பத்து லட்சத்துக்கு மேல் வினியோகமானது.

ஒரு சாதாரண மனிதர் இதை நீட்டும்போது என்ன நடக்கிறது? "லஞ்சம் தரமாட்டேன்" என்று வாயால் சொல்ல நிறையத் துணிச்சல் வேண்டும். நோட்டை நீட்ட அவ்வளவு வேண்டாம். சொல்ல வேண்டியதை அது அச்சில் சொல்லிவிடுகிறது. வாங்குபவருக்கும் ஒரு செய்தி போகிறது: இந்த ஆள் தனி ஆள் இல்லை, பின்னால் இதை அச்சடித்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு துண்டுத் தாளுக்குள் கூட்டறிவு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. காகிதமும் அச்சும் தொழிலாகக் கொண்ட சிவகாசி வட்டாரத்துக்காரர்களுக்கு இந்தக் கைவேலையின் அருமை நன்றாகவே புரியும்.

2019 டிசம்பர் 29, சென்னை பெசன்ட் நகர். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்க்கும் வாசகத்தோடு சிலர் தெருவில் கோலம் போட்டார்கள். மார்கழி மாதத்தில் தமிழ்நாட்டில் கோலம் இல்லாத தெரு உண்டா? போலீஸ் அவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. கோலம் போட்டதற்குக் கைது என்ற செய்தி பரவிய வேகத்தில் மறுநாள் காலை பல வீட்டு வாசல்களில் அதே வாசகத்தோடு கோலங்கள். சட்டத்தைப் பற்றி ஒருவருக்கு எந்தக் கருத்து இருந்தாலும், உத்தியின் வேலைப்பாட்டைப் பார்க்கலாம். தடுத்ததால்தான் அது பெருகியது. தடுக்காமல் விட்டிருந்தால் மாலைக்குள் காலடியில் அழிந்திருக்கும்.

இருந்தாலும் சட்டம் மாறவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். 2017-ல் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழ்நாட்டு விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் 40 நாளுக்கு மேல் உட்கார்ந்தார்கள். மண்டை ஓடுகளை முன்னால் வைத்தார்கள். எலியைப் பல்லில் கவ்வினார்கள். பாதித் தலையை மழித்துக்கொண்டார்கள். சோற்றைத் தரையில் கொட்டிச் சாப்பிட்டார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. கேட்ட கடன் தள்ளுபடியை டெல்லி தரவில்லை. அவர்களின் வலியில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அங்கே கொள்ளிக்கு ஒரு முனைதான் இருந்தது என்று எனக்குப் படுகிறது. சர்க்கார் அவர்களைத் தடுக்கவும் வேண்டியதில்லை, விட்டுவிடுவதால் எதையும் இழக்கவும் இல்லை. வைரப்பனின் பாதிச் சவரம் போலீஸ்காரரின் முகத்தில் இருந்தது. ஜந்தர் மந்தரின் பாதி மழிப்பு விவசாயியின் தலையிலேயே இருந்தது. பார்க்க ஒரே மாதிரி, பொறியியல் வேறு.

சில போராட்டங்களில் சிரிப்புக்கு இடமே கிடையாது. திருத்தங்கலுக்குப் பக்கத்தில், விருதுநகரில், 1956 ஜூலை 27-ஆம் தேதி சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் தொடங்கினார். 12 கோரிக்கைகள், சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டுவது அவற்றில் ஒன்று. தலைவர்கள் பலர் கேட்டும் நிறுத்தவில்லை. இரண்டரை மாதத்துக்குப் பிறகு, அக்டோபர் 13-ஆம் தேதி உயிர் பிரிந்தது. அவர் பற்ற வைத்த திரி மெதுவாக எரிந்தது. 1967 ஜூலை 18-ல் சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 முதல் மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டு நீளமுள்ள திரி.

மிகப் பழைய எடுத்துக்காட்டைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அது திருத்தங்கலிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கட்டுரைக் காதையில், மதுரையின் காவல் தெய்வம் கண்ணகிக்கு ஒரு கதை சொல்கிறது. தங்கால் என்ற ஊர். இன்றைய திருத்தங்கல்தான் அது என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். அந்த ஊரில் தங்கிய பராசரன் என்ற வழிப்போக்கன், மழலை மாறாத வாயால் பிழையின்றி வேதம் சொன்ன ஒரு சிறுவனுக்குத் தன் பொன் அணிகளைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறான். சிறுவனின் தந்தை வார்த்திகன். ஏழை வீட்டில் திடீரென்று பொன் மின்னுவதைப் பார்த்த அரசு ஊழியர்களுக்குப் பொறுக்கவில்லை. அரசனுக்குச் சேர வேண்டிய புதையலை எடுத்துவிட்டான் என்று வார்த்திகனைச் சிறையில் போட்டார்கள்.

வார்த்திகனின் மனைவி கார்த்திகையிடம் படை இல்லை, பணம் இல்லை, சாட்சி இல்லை. தரையில் விழுந்து புரண்டு அழுதாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அதைக் கண்ட கொற்றவை, தன் கோயில் கதவைத் திறக்க மறுத்துவிட்டாள். தெய்வமே நடத்திய கதவடைப்பு! பாண்டியன் என்ன செய்வான்? கதவை உடைத்தால் தெய்வக் குற்றம். அப்படியே விட்டால், இவன் ஆட்சியில் ஏதோ அநீதி நடந்திருக்கிறது என்று நாடே அறிந்துவிடும். கொற்றவையைக் கைது செய்ய முடியாது. இரண்டு பக்கமும் கொள்ளி.

பாண்டியன் விசாரித்தான். உண்மை தெரிந்ததும் வார்த்திகனை விடுவித்து, மன்னிப்புக் கேட்டு, தங்காலையும் வயலூரையும் அவனுக்குக் கொடுத்தான். வார்த்திகனின் முன்னால் நிலத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அப்போது கோயில் கதவு திறந்த ஓசை நீண்ட தெருக்களெல்லாம் கேட்டது என்கிறது காப்பியம். பிறகு யானையின் பிடரியில் முரசை ஏற்றி ஊரெங்கும் அறைவித்தான்: சிறைகளைத் திறந்து விடுங்கள், வரி பாக்கியைத் தள்ளிவிடுங்கள், புதையல் இனி அரசனுடையது அல்ல, கண்டெடுத்தவருக்கே சொந்தம்.